மணல் முற்றத்தில் ஒரு புற்றரை

மன்னார்த் தீவில் முற்றம் என்றால் மணல். விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றாற் கூட்டிவிட்ட முற்றத்தில் பிறைபிறையாகச் சுவடுகள் கிடக்கும்; அதன்மீது முதலில் நடந்து சென்றவர் யார் என்பதை வீட்டார் அடியைப் பார்த்தே சொல்லிவிடுவர். வலை பொத்துவதும் ஒடியல் காயவிடுவதும் கருவாடு பரப்புவதும் அங்கேதான். கலியாணப் பந்தலின் கால்களும் செத்தவீட்டுப் பந்தலின் கால்களும் அதே மணலில்தான் நடப்படுகின்றன. கால்களைப் பிடுங்கிய மறுநாள் ஒருமுறை கூட்டிவிட்டால் நிகழ்ந்தது எதுவென்று மணலிடம் அடையாளம் இராது.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் இத்தகைய முற்றமொன்றின் ஒரு பகுதியைச் செயற்கைப் புற்றரையால் மூடும் எண்ணம் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கொழும்பில் இது வியப்புக்குரிய செய்தியன்று. அங்கே மாடிகளின் உச்சியிலும் வாகனத் தரிப்பிடங்களின் ஓரத்திலும் பச்சைத் தரைகள் விரிக்கப்பட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. ஆயின், கடற்றொழிலாளர் குடும்பமொன்றின் வளவில், அதுவும் வாடகைக்கன்றித் தம் பிள்ளைக்காகவே அவ்வாறு செய்ய நினைத்தமை ஊரில் நகைப்புக்கும் பேச்சுக்கும் இடமாயிற்று.

அவ்வீட்டின் இளைய மகளுக்கு வயது பதினாறு. பாடசாலை உதைபந்தாட்ட அணியில் நடுக்களத்தில் ஆடுபவள். மன்னாரில் உதைபந்தாட்டத்துக்கு உள்ள இடம் பிற மாவட்டத்தார் எளிதில் உணரக்கூடியதன்று. கோயிற் பெருநாளை ஒட்டிச் சுற்றுப்போட்டி நடக்கும். ஊருக்கூர் கழகம் உண்டு. தந்தை ஆடிய கழகத்துக்கே மகனும் ஆடுவான். இத்தனை வளமுள்ள மரபிற் பெண்பிள்ளைகளுக்கென எஞ்சும் நேரமும் இடமும் மிகக் குறைவு. ஊர் மைதானம் மாலை நான்கு மணிக்கு இளைஞர் வசமாகிவிடும். அவர்கள் களைத்து வெளியேறும் வேளையில் கோயில் மணி அடித்துவிடும். மணி அடித்தபின் மகள் வெளியே நிற்பதைத் தந்தை விரும்புவதில்லை. அவர் கொடியவர் அல்லர். அவருடைய அச்சங்களுக்கு அவர் வாழ்ந்த காலம் காரணம் கற்பித்திருக்கிறது. எனினும், அச்சத்தின் விலையை மகளே செலுத்தவேண்டியிருந்தது.

ஆகவே அவள் வீட்டு முற்றத்திற் பயின்றாள். மணலிற் பந்து உருள்வதில்லை. விழுந்த இடத்திலேயே குந்திவிடுகிறது. அதனைக் கிளப்ப வேண்டுமாயின் பாதத்தை அடியிற் செருகித் தூக்கவேண்டும். நாளடைவிற் கால் அதற்கே பழகிவிடும். போட்டியொன்றுக்காக வவுனியாவின் இறுகிய தரையில் இறங்கிய அன்று, அவளை நோக்கி வந்த பந்தெல்லாம் காலிற் பட்டு இரண்டு முழம் விலகி ஓடிற்று. "மணற் காலில் பலம் இருக்கு, பதம் இல்லை" என்று பயிற்றுநர் சொன்னார். அச்சொல்லை அவள் தொலைபேசியில் ரொறன்ரோவிலுள்ள அண்ணனிடம் அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் புற்றரைப் பேச்சு ஆரம்பமாயிற்று.

அண்ணன் அங்கே பாரவூர்தி ஓட்டுபவன். பனிக்காலத்திற் கூரையிட்ட கூடங்களிற் செயற்கைத் தரைமீது வாரம் ஒருமுறை பந்தாடுபவன். பனியால் ஆறு மாதம் நிலம் மறைந்துவிடும் நாட்டில் அத்தரை ஒரு கொடை என்பதை அனுபவித்து அறிந்தவன். "தங்கச்சிக்கு வளவுக்குள்ளேயே ஒரு தரை போட்டுத் தாறன் அப்பா. காசை நான் பாக்கிறன்" என்றான்.

"அப்ப வலையை எங்கை விரிக்கிறது?" என்பதே தந்தையின் முதற் கேள்வி. திண்ணையிற் சாய்ந்திருந்த அம்மம்மாவின் கேள்வி வேறாக இருந்தது. "மணலை மூடிப்போட்டால் மழை எங்கை போகும்?"

அம்மூதாட்டியின் கேள்வியைக் கிழவியின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. அவர் முற்றம் இல்லாமல் வாழ்ந்து பார்த்தவர். 1990இல் மன்னாரிலிருந்து படகேறித் தமிழகக் கரையை அடைந்த ஆயிரக்கணக்கானோருள் அக்குடும்பமும் ஒன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றோரை ஆங்கிலேயர் காலத்தில் தடுத்து வைத்துச் சோதித்த மண்டபம் முகாமில், ஓர் அறையில் அவர்களுடைய பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. அண்ணன் பிறந்தது அங்கேதான். அறைக்கு வெளியே சீமெந்து நடை. அதற்கப்பால் அடுத்தவரின் அறை. போர்நிறுத்தத்தின் பின்னர் 2003இல் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வளவெங்கும் உடைமரம் முளைத்திருந்தது. கூரையைப் பற்றி ஆண்கள் பேசிக்கொண்டிருக்கையில், அவர் கத்தி எடுத்து முள்ளை வெட்டி, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மணலைக் கூட்டிய பின்னரே அமர்ந்தாராம். அந்த முற்றத்தைத்தான் பேரன் இப்போது தொலைவிலிருந்து மூடச் சொல்கிறான்.

செயற்கைப் புற்றரையின் வரலாற்றை நோக்கின், அது எவருக்காக ஆக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. நகரத்துப் பிள்ளைகள் நாட்டுப்புறத்துப் பிள்ளைகளைப் போல் உடல் வலிமை உடையவர்களாக இல்லை, அவர்களுக்கு ஓடியாட மண் இல்லை என்ற கவலை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எழுந்தது. போர்ட் அறநிலையம் அக்கவலைக்கு ஆதரவளித்தது. மொன்சாண்டோ நிறுவனத்தைச் சார்ந்த வேதியியலாளர் நைலோன் இழையாற் புல்லைச் செய்தனர். 1964இல் புரொவிடன்ஸ் நகரப் பாடசாலையொன்றில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் விரிக்கப்பட்டது. அதே 1964இன் மார்கழியிற்றான் பெரும்புயல் தனுக்கோடியை அழித்துத் தலைமன்னாரையும் தாக்கியது. அம்மம்மாவுக்கு அப்போது வயது பதினேழு. ஒரு கரையிற் கடல் மணலை வாரி ஊரை மூடிக்கொண்டிருக்க, மறு கண்டத்தில் மண்ணில்லாப் பிள்ளைகளுக்கு மண்ணுக்கு மாற்றுச் செய்துகொண்டிருந்தனர்.

இரண்டு ஆண்டுகளில் அது பிள்ளைகளைக் கடந்து வணிகத்துள் நுழைந்தது. ஹூஸ்ரன் நகரின் அஸ்ரோடோம் என்னும் கூரையிட்ட பெருவிளையாட்டரங்கில் வளர்த்த இயற்கைப் புல் வெளிச்சம் போதாமற் பட்டுப்போக, 1966இல் அங்கே செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. அஸ்ரோரேவ் என்ற பெயர் அவ்வரங்கினாற் கிடைத்ததே. 1976இன் மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி செயற்கைத் தரைக்கு மாற்றப்பட்டது. முந்திய ஆண்டிற் கோலாலம்பூரில் உலகக் கிண்ணத்தை வென்றிருந்த இந்திய அணி, மொன்றியலில் ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. தோல்விக்குத் தரை ஒன்றையே காரணமாகக் காட்டுவது முறையன்று. ஆயினும், புல்லிலும் புழுதியிலும் வளர்ந்த கால்களுக்கும் கைகளுக்கும், தரை மாறினால் ஆட்டமே மாறிவிடும் என்ற உண்மையை அன்று ஆசியா கண்டுகொண்டது. வவுனியாவில் அப்பெண் பிள்ளை கண்டுகொண்டதும் அதனையே.

இன்னொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2015இற் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கிண்ணப் போட்டிகள் யாவும் செயற்கைத் தரையிலேயே நடத்தப்பட்டன. ஆண்களின் உலகக் கிண்ணம் எதுவும் அவ்வாறு நடந்ததில்லை. உலகின் முன்னணி வீராங்கனைகள் பலர் இதனைப் பாரபட்சம் என்று ஒன்ராறியோ மனித உரிமை நியாயசபையில் முறையிட்டுப் பின் 2015 தொடக்கத்தில் முறைப்பாட்டை மீளப்பெற்றனர். அவர்கள் வேண்டாம் என்ற தரையைத் தலைமன்னார் வீதிப் பெண்ணொருத்தி வேண்டும் என்று கேட்டாள். இதில் முரண் ஏதும் இல்லை. ஆண்களுக்குக் கிடைக்கும் தரை எதுவோ அது தமக்கும் வேண்டும் என்பதே இரு திறத்தாரின் கேள்வியும். ஊர் மைதானத்தில் மாலை நான்கு மணிக்கு இடம் கிடைத்திருந்தால் அவளுக்கு இந்தப் பச்சைப் பிளாஸ்ரிக் எதற்கு?

தரை போடுபவர் கொழும்பிலிருந்து வந்து வளவை அளந்தார். முப்பது மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் கொண்ட களத்துக்கு இடம் உண்டு என்றார். மணலைச் சமப்படுத்தி நான்கு அங்குலக் கொங்கிறீற்றுத் தளம் ஊற்றி, அதன்மேற் புல்லை ஒட்டி, மழைநீரைக் கானால் வீதிக்கு விடலாம் என்றார். தளர்ந்த மணல்மீது வேறெதுவும் நிலைக்காது என்பது அவருடைய கருத்து. விரைவான வேலை, பார்வைக்கும் நேர்த்தி. அண்ணன் உடனே சம்மதித்தான்.

அம்மம்மாவின் கேள்வி இப்போது முழுப் பாரத்தோடு வந்து நின்றது. மன்னார்த் தீவில் ஆறு இல்லை; மலை இல்லை. மணலுக்கடியில் உள்ள நன்னீர் மழையாற் பெற்றதே. அந்நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உவர்நீரை அது அமுக்கி வைத்திருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபெனும் 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கணித்தனர். மேலே ஓரங்குலம் குறைந்தால் கீழே நாற்பது அங்குலம் உவர் ஏறும். வாய்பாட்டை அறியாத அம்மம்மா அதன் பயனை அறிவார். தை மாதத்தில் இனிக்கும் கிணறு ஆவணியிற் சுவை மாறுவதை அவர் நாக்கு எழுபது ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறது. குழாய்நீர் வந்த பின்னரும் அவர் கிணற்றைக் கைவிடவில்லை. கிணறு இருப்பது, களம் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து பத்துப் பாகத் தூரத்தில்.

தீவிலும் அப்போது இதுவே பேச்சாக இருந்தது. 2020இன் இறுதியில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்களுக்கும் அவற்றை இணைக்கும் பாதைகளுக்கும் பின், மழைநீர் வழக்கமான வழியிற் கடலுக்குப் போகாமல் ஊர்களில் தேங்குகிறது என்று மக்கள் முறையிட்டு வந்தனர். மேலும் கோபுரங்களை எழுப்புவதற்கும் கனிம மணல் அகழ்வதற்கும் எதிரான போராட்டம் 2025இல் மன்னார் நகரில் வலுத்தது. ஊரே மணலைக் காக்க நிற்கையில், ஒரு வீடு தன் மணலைக் கொங்கிறீற்றால் மூடுவது எவ்வளவு பொருந்தும்?

முடிவைக் கண்டவள் மகளே. ஒரு மாலை அவள் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையிற் கணக்குப் போட்டாள். களத்தை இருபதுக்குப் பத்து மீற்றராகச் சுருக்கினாற் பரப்பு இருநூறு சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றர் மழை பெய்தால் அதன்மீது இரண்டாயிரம் லீற்றர் நீர் விழும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீற்றர் மழை என்று கொண்டால் இரண்டு இலட்சம் லீற்றர். கான் வைத்தால் அத்தனையும் வீதிக்கு. அவள் அந்தத் தாளைப் படம்பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். "எனக்குச் சின்னத் தரை காணும். அம்மம்மாவின்ரை தண்ணியை வீதியில விடேலாது" என்று கீழே எழுதியிருந்தாள்.

புற்றரைக்குக் கொங்கிறீற்று இன்றியமையாததன்று. பின்னலின் அடித்துணியில் இடைவெளி விட்டுத் துளைகள் உண்டு. நீர் அவ்வழியே இறங்கும். கீழே கல்லடுக்கு இருந்தால் அது மணலைச் சென்றடையும். மணல் பிதுங்காதிருக்க நான்கு புறமும் சீமெந்துக் கல்லால் வரம்பு கட்டி, மணலை நனைத்து இறுக்கி, கல் மணலுக்குள் புதையாதபடி இடையில் ஒரு தடித்த துணியை விரித்தாற் போதும். தரை போடுபவர் முதலில் முகம் சுளித்தார்; வேலை கூட, உத்தரவாதம் குறைவு என்றார். பின்னர், தந்தை உறுதியாக நின்றதைக் கண்டு இணங்கினார். வலைக்கு இடம் கேட்ட தந்தைக்கு வளவின் கிழக்குப் பாதி மணலாகவே விடப்பட்டது. பந்தல் போடுவதற்கும் அப்பாதியே என்று அம்மம்மா ஒதுக்கிக்கொண்டார். யாருடைய பந்தல் என்று எவரும் கேட்கவில்லை.

வைகாசி இறுதியில் வேலை தொடங்கிற்று. அரையடி ஆழத்துக்கு மணலை அகழ்ந்தபோது, 1990க்கு முந்திய வீட்டின் மங்களூர் ஓட்டுத் துண்டுகள் இரண்டு மூன்று கிடைத்தன. அம்மம்மா அவற்றைக் கழுவிக் கிணற்றுக் கட்டில் வைத்தார். அகழ்ந்த மணலைத் தென்புறம் சேர்த்து நூறுக்கு ஒன்று என்ற சாய்வு அமைத்தனர். அதன்மேல் ஆறு அங்குலத்துக்குச் சல்லி. முப்பது கனமீற்றர் சல்லி தேவைப்பட்டது. தீவில் உடைப்பதற்குப் பாறை ஏது? வன்னிப் பெருநிலத்திலிருந்து அத்தனையும் 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தைக் கடந்து லொறிகளில் வந்தன.

கல்லாவது கிடைக்காத பொருள். மணலையும் வெளியிலிருந்து வாங்கவேண்டியிருந்தமைதான் ஊராரைச் சிரிக்க வைத்தது. புல்லிழைகள் படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்க அவற்றின் இடையில் மணல் நிரப்பவேண்டும். அம்மணல் உருண்டையான, உப்பற்ற, உலர்ந்த சிலிக்கா மணலாயிருத்தல் வேண்டும். தீவின் மணலிற் சிப்பித்துண்டுகள் கூர்மையாகக் கலந்துள்ளன, உப்பும் உண்டு. ஆகவே கண்ணாடி செய்வதற்குப் பெயர்பெற்ற நாத்தாண்டியாப் பகுதி வெண்மணல் நான்கு தொன் மூட்டைகளில் வந்திறங்கிற்று. கடலையே வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு உப்பை வாங்குபவன் கதை என்று அயலவர் ஒருவர் சொன்னார். மூட்டைகளை அடுக்கிய கூலியாளுக்கும் அது வேடிக்கையாகவே இருந்தது.

உயர்ந்த இழைகளை இட்டுப் பழைய ரயர்களை அரைத்த றபர்த் துகளை நிரப்பினாற் களம் மெத்தென்றிருக்கும் என்று தரை போடுபவர் வேறொரு வகையையும் காட்டியிருந்தார். அதற்கும் மறுப்பு வந்தது. இம்முறை மறுத்தவர் தந்தை. காரணம் கண்முன்னே கிடந்தது. 2025 மே மாதத்திற் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்து சிதறிய வெண்ணிறப் பிளாஸ்ரிக் மணிகள் ஜூன் மாதத்தில் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. வலையில் ஒட்டி வந்த மணிகளை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு போத்தலிற் போட்டு வைத்திருந்தார். சோளகக் காற்று வீசும் முற்றத்திலே தளர்ந்த றபர்த் துகளைக் கொட்டினால் அது எங்கே போகும் என்று அவருக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இத்தகைய துகள்களின் விற்பனையை எட்டு ஆண்டுக்கால அவகாசத்தின் பின் நிறுத்துவதென ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி செய்தது. அவர் அதனை அறியாமலே அம்முடிவுக்கு வந்தார். இழையே பிளாஸ்ரிக் தானே, அதுவும் தேயும் தானே என்று கேட்கலாம். தேயும். அக்கேள்விக்கு அவ்வீட்டில் விடை கிடைக்கவில்லை. குட்டை இழையைத் தெரிந்ததோடு அமைதியடைந்தனர்.

ஆனி மாதத்துச் சோளகம் இவ்வேலைக்கு ஏற்ற காலமன்று. மழை இல்லை என்பதற்காக அம்மாதத்தைத் தெரிந்தவர்கள் காற்றை மறந்துவிட்டார்கள். இரண்டு மீற்றர் அகலச் சுருள்கள் ஐந்தை அருகருகே விரித்து, நான்கு பொருத்துகளில் நாடா வைத்துப் பசை பூசவேண்டும். பூசிய பசைமீது காற்று மணலைக் கொண்டுவந்து தூவிற்று. மூன்றாம் பொருத்து இரு வாரங்களிற் பிரிந்து நாக்கை நீட்டியது. பனைமட்டை வேலியின் உட்புறம் பழைய வலைகளை இரட்டையாகக் கட்டி, காற்றுச் சற்றே தணிந்த ஒரு விடியற்புறத்தில் விளக்கு வெளிச்சத்தில் மீண்டும் ஒட்டினார்கள். அன்று பசை பூசியவர் தந்தை. வலை பொத்திய விரல்களுக்கு அவ்வேலை இயல்பாகவே வந்தது. முதல்நாட் காலையில், படலை திறந்திருந்த வேளை பார்த்துக் கழுதையொன்று உள்ளே வந்து, பச்சையை நெடுநேரம் முகர்ந்துவிட்டு, கடிக்காமலே திரும்பிப் போயிற்று. அது ஊரெங்கும் கதையாயிற்று.

களம் அழகாகவே இருந்தது. பந்து நேராக உருண்டது. ஆனால், முற்றத்து மணல் ஒருபோதும் செய்யாத ஒன்றை இத்தரை செய்தது: காலைச் சுட்டது. மணலும் வெயிலிற் சுடும். ஆயின் ஒரு விரற்கடை கிளறினாற் கீழே குளிர்மை உண்டு. பிளாஸ்ரிக் இழைக்கு அந்த அடிக்குளிர்மை இல்லை. கடும் வெயிலில் இத்தரைகள் 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும் என்பது பல நாடுகளிலும் அளந்து காணப்பட்டது. நீர் தெளித்தால் ஆறும். சில நிமிடங்களில் மீண்டும் ஏறும். கிணற்று நீரை அதற்கு இறைக்கலாமா என்ற பேச்சை மகள் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டாள். ஐந்து மணிக்குப் பின்பே ஆட்டம் என்று நேரம் வகுக்கப்பட்டது. இடையிடையே கூட்டாளிகள் மூவர் நால்வர் வந்தார்கள். கோயில் மணி அடித்தபின்னும் அவர்கள் ஆடினார்கள். வேலிக்குள் அல்லவா என்று தந்தை ஒன்றும் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளின் குரல் இருட்டிய பிறகு வளவுக்குள்ளிருந்து கேட்பது அவ்வீதிக்குப் புதிது.

காற்று நாள்தோறும் மணலைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே முற்றம் கூட்டும் வேலை குறையவில்லை. அம்மம்மா கிழக்குப் பாதியைக் கூட்ட, மகள் மேற்குப் பாதியைக் கூட்டினாள். ஒன்றிற் சுவடு நின்றது, மற்றதில் நிற்கவில்லை.

ஐப்பசியின் முதல் மழையன்று வீட்டார் அனைவரும் திண்ணையில் நின்றனர். அரைமணி நேரம் நல்ல மழை. பச்சைமீது நீர் ஒரு கணம் மினுங்குவதும் உடனே காணாமற் போவதுமாக இருந்தது. வடமேற்கு மூலையில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மறுநாட் காலைவரை நீர் நின்றது. அங்கே சாய்வு பிழைத்திருந்தது. அம்மம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். அவருடைய வாயிலிருந்து பாராட்டு வருவதாயின் அது அவ்வளவுதான்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. இலங்கை முழுவதும் அது செய்த அழிவின் முன் ஒரு வீட்டு முற்றத்தின் கதை சொல்லத்தக்கதே அன்று. தீவின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் ஏறிற்று, அவ்வளவிலும் ஏறிற்று. கல்லடுக்கு, துளை, சாய்வு எதுவும் அன்று பயன்படவில்லை. மணலே நிறைந்துவிட்டபின் நீர் இறங்குவதற்கு இடம் ஏது? "நிலம் நிறைஞ்சு போச்சு" என்றார் அம்மம்மா. பச்சைத் தரை கலங்கல் நீரின் கீழ் இரண்டு நாள் கிடந்தது. ரொறன்ரோவிலிருந்து அண்ணன் மணிக்கொருமுறை அழைத்தான். தரையைப் பற்றி அவன் கேட்கவில்லை.

வெள்ளம் வடியத் தொடங்கியபோது வளவில் முதலில் வெளிப்பட்டது களத்தின் தென்புறம். முற்றத்தைவிட அது ஒரு சாண் உயரம். கீழே கல்லடுக்கு இருந்ததால் அதன் மேற்பரப்பு விரைவில் உலர்ந்தது. மணலோ சேறுபோற் கொழகொழவென்றிருந்தது. அயல் வீடுகள் மூன்றிலிருந்து நனைந்த பாய்களும் தலையணைகளும் துணிமூட்டைகளும் அங்கே வந்து சேர்ந்தன. பாடசாலைப் புத்தகங்களைத் தாள் தாளாக விரித்துக் கல் வைத்தார்கள். தந்தை தம் வலையைக் கொண்டுவந்து, சிறிது நேரம் பார்த்து நின்று, பின் மேற்குப் பக்கம் முழுவதும் விரித்தார். முன்பு ஒட்டிய மூன்றாம் பொருத்து மீண்டும் பிரிந்திருந்தது. அதன்மீது அம்மம்மா மங்களூர் ஓட்டுத் துண்டுகளைப் பாரமாக வைத்தார்.

ஐந்தாம் நாள் மாலை, பாய்களுக்கும் வலைக்கும் இடையில் ஒரு கட்டில் அகலத்துக்கு இடம் எஞ்சியிருந்தது. மகள் வீட்டுச் சுவருக்கு எதிரே நின்று பந்தை உதைத்தாள். அது திரும்பி வந்து காலடியில் நின்றது. அவள் மீண்டும் உதைத்தாள்.